மனம் கொதித்துக்கொண்டிருக்கும் நாளில் காந்தத் தூண்டல் சிகிச்சைக்குப் போகலாமா?

சேலத்து மல்லிகா

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு நாட்பட்ட மனச்சோர்வு. மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் பிடிகொடுக்கவில்லை. மருத்துவர் சொன்னபடி இப்போது தலையில் காந்தத் தூண்டல் நடக்கிறது. டிஎம்எஸ் என்கிறார்கள். இடது நெற்றிக்குச் சற்று மேலே வைக்கிறார்கள். பாதிச் சிகிச்சை முடிந்துவிட்டது.

என் சந்தேகம் இயந்திரத்தைப் பற்றியது அல்ல, அவர் எந்த மனநிலையில் அந்த நாற்காலியில் போய் உட்காருகிறார் என்பதைப் பற்றியது. சில நாள் நன்றாகப் பேசிக்கொண்டே வருவார். சில நாள் வழியிலேயே அவருடைய அண்ணன் போன் செய்து பாகப்பிரிவினைப் பேச்சை எடுத்துவிடுவார். காரைவிட்டு இறங்கும்போதே முகம் கறுத்திருக்கும், கை நடுங்கும். அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். போதாக்குறைக்குக் காத்திருக்கும் கூடத்துத் தொலைக்காட்சியில் எந்நேரமும் செய்தி விவாதம்.

இயந்திரத்தை இயக்கும் தம்பியிடம் கேட்டேன். "மெஷின் அதன் வேலையைச் செய்யும் அம்மா, நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்றார். மாத்திரை என்றால் சரி, வயிற்றுக்குள் போய்க் கரைந்துவிடும். மூளையையே தட்டி எழுப்புகிற சிகிச்சை என்கிறபோது, தட்டுகிற நேரத்தில் மூளை என்ன நிலையில் இருக்கிறது என்பது கணக்கில் வராதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டொராண்டோ குமரன்

அக்கா, நான் இதே சிகிச்சையை இங்கே எடுத்துக்கொண்டவன். எனக்குக் கொடுத்தது மூன்று நிமிட வகை. பழைய முறையில் ஓர் அமர்வு 37.5 நிமிடம். இரண்டையும் கனடாவில் 414 பேரிடம் ஒப்பிட்டு, குறுகியது நீண்டதற்குச் சளைத்ததல்ல என்று 2018-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அந்த மூன்று நிமிடத்தில் கோபப்படக்கூட நேரம் போதாது. நான் பெரும்பாலும் வேலையில் யாரிடமாவது எரிந்து விழுந்துவிட்டுத்தான் போவேன். எனக்குக் குணமாகத்தான் செய்தது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பதில் தெரிந்தவர்கள் எழுதட்டும், நானும் படிக்கிறேன்.

வெண்ணிலா

மல்லிகா அம்மா, நான் நரம்பியல் ஆய்வு மாணவி. மருத்துவர் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. இந்தத் துறையில் அதற்கென்று தனி ஆய்வுப் பிரிவே இருக்கிறது. "மெஷின் அதன் வேலையைச் செய்யும்" என்பது பாதி உண்மை.

தலைமேல் வைக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்து நிற்கும்போது சுமார் 1.5 முதல் 2 டெஸ்லா வலுவுள்ள காந்தப்புலம் எழுந்து அடங்குகிறது. அதற்கு ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த அதே விதிதான். மண்டையோடு காந்தத்தைத் தடுப்பதில்லை, ஆகவே அடியில் இருக்கும் மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், சிறு மின்னோட்டம் பிறக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு 1985-இல் இப்படித்தான் ஒருவரின் கையை வலியில்லாமல் அசையவைத்துக் காட்டியது.

இதுவரைக்கும் இயந்திரத்தின் வேலை. அந்த மின்னோட்டம் போய்ச் சேரும் நரம்பணுக்கள் சும்மா காத்திருப்பவை அல்ல. சில ஏற்கெனவே சுடச்சுட வேலை செய்துகொண்டிருக்கும், சில களைத்திருக்கும். ஒரே அளவு துடிப்பு இரண்டிலும் ஒரே விளைவைத் தராது.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று உணர்ச்சியைப் பற்றியதே அல்ல, நிறத்தைப் பற்றியது. பார்வைப் புறணியில் காந்தத் துடிப்பு கொடுத்தால் கண்ணை மூடியிருந்தாலும் ஒளிப்பொட்டு தெரியும். யூஹா சில்வான்டோவும் சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை முதலில் ஒரே நிறத்தை வெகுநேரம் பார்க்கவைத்தார்கள். பிறகு துடிப்பு கொடுத்தார்கள். சிவப்பை வெகுநேரம் பார்த்தால் சிவப்புக்கான அணுக்கள் அயர்ந்துவிடும். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் பச்சைச் சாயல்தான் தெரியும். ஆனால் காந்தம் எழுப்பிய ஒளிப்பொட்டு எந்த நிறத்தைப் பார்த்து அயர்ந்தார்களோ அதே நிறத்தை எடுத்துக்கொண்டது. அயர்ந்து கிடந்த அணுக்களைத்தான் காந்தம் அதிகம் எழுப்பியிருக்கிறது. சுருள் அதே சுருள், இடமும் அதே இடம். துடிப்புக்கு முன் அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் மாறியது.

உணர்ச்சிக்கு வருவோம். அதே 2007-இல் கிரெக் ஹாய்சாக் குழு, படம் பார்த்துக்கொண்டிருப்பவர்களின், கைகால்களை அசைக்கும் இயக்கப் புறணியில் துடிப்பு கொடுத்துக் கைத்தசை எவ்வளவு துள்ளுகிறது என்று அளந்தது. உணர்ச்சியைக் கிளறும் படங்களின்போது துள்ளல் அதிகம், சாதாரணப் படங்களின்போது குறைவு. படம் இனிமையானதா கொடூரமானதா என்பது அவ்வளவாக வேறுபாடு காட்டவில்லை. கிளர்ச்சியின் அளவுதான் முக்கியமாக இருந்தது. உங்கள் கணவர் கை நடுங்க உட்காரும் நாளில், அவர் இயக்கப் புறணி மற்ற நாளில் இருப்பதுபோல் இருக்காது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி நேரடியாக மனச்சோர்வு. இஸ்ரேலில் இசர்லிஸ் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஆழத் தூண்டல் (மூளைக்குள் இன்னும் ஆழமாக எட்டும் வகை) பெற்ற நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் நல்ல நினைவுகளைக் கிளறிக்கொண்டார்கள், ஒரு பிரிவினர் வருத்தும் எண்ணங்களை, மூன்றாம் பிரிவினர் எதையும் கிளறவில்லை. வருத்தும் எண்ணங்களைக் கிளறியவர்களுக்குத்தான் சிகிச்சையின் பலன் குறைந்தது. உங்கள் மூத்தாரின் போன் அழைப்பு இந்த இரண்டாம் பிரிவுச் சோதனையை வீட்டுச் செலவில் நடத்துகிறதோ என்று தோன்றுகிறது.

கணக்குப்பிள்ளை

வெண்ணிலா அவர்களின் பதிவு அழகாக இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. நான் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன்.

அந்த 2011 ஆய்வில் மொத்தமே ஐம்பது சொச்சம் பேர். மூன்றாகப் பிரித்தால் ஒரு பிரிவில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? தூண்டுவதுபோல் காட்டித் தூண்டாத போலிச் சுருள் வைத்து ஒப்பிடவும் இல்லை. இப்படிப்பட்ட ஆய்வு கேள்வியை எழுப்பலாம், பதிலாகாது. தொடக்கத்தில் மனம் நொந்த நிலையில் இருப்பவர்கள் சுலபமாகக் கிளறப்படுவார்கள், அவர்களுக்கே பலனும் குறைவாக இருக்கும். எது எதற்குக் காரணம்?

கைத்தசைத் துள்ளலும் அப்படித்தான். படம் பார்க்கும்போது கட்டைவிரல் அதிகம் துள்ளியது என்பதிலிருந்து ஆறு வாரச் சிகிச்சையின் பலன் மாறும் என்பதற்குப் போக நடுவே ஒரு பெரிய ஆறு இருக்கிறது. பாலம் எங்கே?

வெண்ணிலா

> நடுவே ஒரு பெரிய ஆறு இருக்கிறது. பாலம் எங்கே?

ஐயா, பாலத்தின் முதல் கண் இருக்கிறது. துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக வேகமாகக் கொடுக்கும், லண்டனில் வகுத்த தீட்டா வெடிப்பு முறையை வைத்து 2008-இல் ஹுவாங் குழு செய்த சோதனை. மூளைக் கிளர்ச்சியைக் குறைக்கும் வகைத் தூண்டலைக் கொடுக்கும்போதே கைத்தசையை லேசாக இறுக்கிப் பிடித்திருந்தால் பின்விளைவே காணாமல் போனது. தூண்டல் முடிந்த உடனே இறுக்கினால் பின்விளைவு தலைகீழானது, அதாவது குறைய வேண்டிய கிளர்ச்சி கூடியது. ஒரு லேசான தசை இறுக்கம் பின்விளைவின் திசையையே திருப்புகிறது. அப்படியிருக்க மனத்தின் கொந்தளிப்பு மட்டும் ஒன்றும் செய்யாது என்று எதை வைத்துச் சொல்வது?

அடுத்த கண் உடற்கூறு. நலமாக இருப்பவர்களிடம் சோகமான தனிப்பட்ட நினைவைக் கிளறி, ஹெலன் மேபெர்க் குழு 1999-இல் மூளை இரத்த ஓட்டத்தைப் படம் பிடித்தது. நெற்றிப் பகுதியின் அடியாழத்தில் இருக்கும் சிங்குலேட் முன்பகுதியில் ஓட்டம் ஏறியது, வலது நெற்றிப் புறணியில் இறங்கியது. மைக்கேல் ஃபாக்ஸ் குழு 2012-இல் காட்டியது: மனச்சோர்வுக்குச் சுருளை வைக்கும் இடது நெற்றிப் புறணியில், அந்த அடியாழப் பகுதியோடு எதிர்த்திசையில் ஏறி இறங்கும் புள்ளிகளைத் தூண்டினால்தான் பலன் அதிகம். சிகிச்சை எந்தத் தராசின் ஒரு தட்டைத் தொடுகிறதோ, அதே தராசின் மறுதட்டைச் சோகம் அழுத்துகிறது.

ஒப்புக்கொள்கிறேன், கடைசிக் கண் இன்னும் கட்டப்படவில்லை.

ராஜேஸ்வரி

இவ்வளவு படித்துவிட்டு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். உறை ஊற்றும்போது மோர் அதே ஒரு கரண்டிதான். பால் கொதித்துக்கொண்டிருந்தால் கெட்டது, ஜில்லென்று இருந்தால் உறையாது. கை பொறுக்கும் சூட்டில் ஊற்ற வேண்டும். மோரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கணக்குப்பிள்ளை

அம்மா, உதாரணம் நன்று. ஆனால் பாலின் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிடலாம். மனத்தின் சூட்டை எந்த விரலால் தொடுவது, எது சரியான சூடு என்று யார் சொல்வது? சிக்கலே அங்கேதான்.

அமுதினி

வெகுநாளாக இங்கே படிக்க மட்டும் செய்பவள். இந்த இழைக்காகக் கணக்குத் தொடங்கினேன்.

எனக்கு எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி. கதவுப் பூட்டு, அடுப்புக் குமிழ், கை கழுவுதல், எல்லாம் உண்டு. எனக்குக் கொடுத்த ஆழத் தூண்டலில் நடைமுறையே வேறு. மனத்தை அமைதிப்படுத்தமாட்டார்கள், கிளறுவார்கள். வேண்டுமென்றே.

முதல் நாள் நீண்ட நேரம் உட்காரவைத்து, எது என்னைப் பதறவைக்கும் என்று ஒரு பட்டியல் எடுத்தார்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் முன் அதில் ஒன்றைச் செய்யச் சொல்வார்கள். என் வீட்டுச் சாவியைக் குப்பைக்கூடையின் விளிம்பில் உரசி என் உள்ளங்கையில் வைப்பார்கள். கழுவக் கூடாது. "இப்போது எவ்வளவு பதற்றம்?" என்று கேட்பார்கள். நான் ஓர் எண் சொல்வேன். அதிகமாக ஏறிவிட்டால் சற்றுப் பொறுப்பார்கள், ஏறவேயில்லை என்றால் இன்னொன்றைத் தேடுவார்கள். நடுவாந்தரமாக எரியும்போது தலைக்கவசத்தை மாட்டி இயந்திரத்தைத் தட்டிவிடுவார்கள். சாவி கையிலேயே இருக்கும்.

ஆகவே "மனநிலை முக்கியமா?" என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. என் சிகிச்சையில் அது மருந்துச் சீட்டிலேயே எழுதியிருந்தது. கலங்கிய மனத்தோடு போனால் கெடுதல் என்பது மட்டும் எல்லா நோய்க்கும் பொருந்தாது.

வெண்ணிலா

அமுதினி, எழுதியதற்கு நன்றி. மற்றவர்களுக்காகப் பின்னணி: அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த முறையை ஓசிடிக்கு 2018 ஆகஸ்டில் ஏற்றது. அடிப்படையான ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 11 மையங்கள், 99 பேர். உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 38.1 சதவீதத்தினருக்குக் கணிசமான முன்னேற்றம், போலித் தூண்டல் பெற்றவர்களில் 11.1 சதவீதம். நோக்கு என்னவென்றால், நோய்க்குக் காரணமான சுற்றை முதலில் விழிக்கவைத்துவிட்டு, அது விழித்திருக்கும்போதே அதன்மேல் கைவைப்பது.

கணக்குப்பிள்ளை

மன்னிக்கவும், இங்கே ஒரு சறுக்கல் இருக்கிறது. அந்த ஆய்வில் கிளறுதல் இரு பிரிவினருக்கும் நடந்தது. உண்மைச் சுருள் பெற்றவர்களும் பதறினார்கள், போலிச் சுருள் பெற்றவர்களும் பதறினார்கள். ஆகவே அது நிரூபிப்பது ஒன்றே ஒன்றுதான்: கிளறிய மனத்தில் உண்மைத் தூண்டல் போலித் தூண்டலைவிட நல்லது. கிளறாமல் கொடுத்திருந்தால் 38 என்பது 20 ஆகியிருக்குமா, 50 ஆகியிருக்குமா? அந்த எண்ணிலிருந்து சொல்லவே முடியாது.

அமுதினியின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. குப்பைக்கூடைச் சாவியைப் பிடித்துக்கொண்டு கழுவாமல் அமர்ந்திருப்பதே ஓசிடிக்கான உளவியல் சிகிச்சைக்குப் பக்கத்தில் வருகிற காரியம். அவருக்கு எது எவ்வளவு உதவியது என்பதைப் பிரிக்க வழியில்லை.

அமுதினி

பிரிக்க வேண்டியது உங்கள் கவலை ஐயா. எனக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்தது, நானும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.

வெண்ணிலா

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வது சரிதான். ஆனால் பிரித்துப் பார்த்த ஆய்வும் இருக்கிறது, புகைப்பழக்கத்தில். இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டது. 115 பேர், எல்லோரும் மற்ற வழிகளில் முயன்று தோற்ற கடும் புகைப்பாளர்கள். உயர் அதிர்வெண், தாழ் அதிர்வெண், போலி என்று மூன்று வகைத் தூண்டல். ஒவ்வொன்றிலும் பாதிப் பேருக்கு முன்னதாகப் புகைக்கும் ஆசையைத் தூண்டும் காட்சி, மீதிப் பாதிக்கு இல்லை. உயர் அதிர்வெண்ணோடு ஆசையையும் கிளறிய பிரிவுதான் முன்னணியில் நின்றது. சிகிச்சை முடிவில் அந்தப் பிரிவில் 44 சதவீதத்தினர் புகைப்பதை நிறுத்தியிருந்தார்கள். பிறகு 262 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் எல்லோருக்கும் ஆசையைக் கிளறிவிட்டார்கள். ஐயாவின் குறை அங்கே மறுபடி பொருந்தும்.

இந்த வரிசையில் என்னைத் தூங்கவிடாத ஆய்வு வேறு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனப்பாதிப்பு உள்ளவர்களிடம் 2013-இல் ஒரு சிறு ஆய்வு நடந்தது, 30 பேர். அதிர்ச்சிச் சம்பவத்தைச் சுருக்கமாக நினைவில் ஓடவிட்டு உடனே நெற்றி நடுப்பகுதியைத் தூண்டினார்கள். நன்றாக வேலை செய்தது. நினைவைக் கிளறாமல் தூண்டியதும், கிளறிவிட்டுப் போலித் தூண்டல் கொடுத்ததும் அவ்வளவு பலன் தரவில்லை. எல்லோரும் மகிழ்ந்தோம். பல மையங்களில் 125 பேரைச் சேர்த்து அதையே பெரிதாகச் செய்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. இரு பிரிவும் முன்னேறியது. ஆனால் அதிகம் முன்னேறியது போலிச் சுருள் பெற்ற பிரிவு!

டொராண்டோ குமரன்

பொறுங்கள், போலிச் சுருள் ஜெயித்ததா? உண்மைத் தூண்டல் கெடுத்துவிட்டது என்று அர்த்தமா?

வெண்ணிலா

அப்படியும் வாசிக்கலாம். அதிர்ச்சி நினைவைப் பாதுகாப்பான இடத்தில் மீண்டும் மீண்டும் ஓடவிடுவதே சிகிச்சை. மூளை தானாகவே அந்த அச்சத்தை அவிழ்க்கத் தொடங்குகிறது. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது அதே பகுதியில் போய்த் துடிப்பு கொடுத்தால் இடைஞ்சலாகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவில் போர்முனை அனுபவமுள்ள 103 முன்னாள் படைவீரர்களிடம் 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே உளவியல் சிகிச்சை அமர்வுக்குச் சற்று முன்பாக, வலது நெற்றிப் பக்கம், விநாடிக்கு ஒன்று என்ற மெதுவான தூண்டல். அதாவது கிளறுவதற்கு முன்னால் தூண்டல். அவர்களுக்குப் போலிப் பிரிவைவிட நல்ல பலன், அது மாதக்கணக்கில் நின்றது. இடம் வேறு, வேகம் வேறு, வரிசையும் வேறு. எனவே எது காரணம் என்று கை நீட்ட முடியாது. ஆனால் உணர்ச்சி முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதே சிகிச்சையை மாற்றக்கூடும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை

2013-இல் 30 பேரிடம் ஜொலித்தது 2021-இல் 125 பேரிடம் கவிழ்ந்தது. நான் முதல் பதிவில் சொன்ன சின்ன எண்ணிக்கைக் கதைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அந்த 2011 மனச்சோர்வு ஆய்வையும் இதே கண்ணோடு பாருங்கள்.

கதிர்

நான் இந்த இயந்திரத்தை இயக்கும் வேலையில் இருப்பவன், சேலத்தில் அல்ல. ஆராய்ச்சி பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. கையால் பார்க்கிறதைச் சொல்கிறேன்.

மனநிலை எங்கே முதலில் புகுந்து விளையாடும் தெரியுமா? முதல் நாள், அளவு பார்க்கும்போது. காயிலை, அதாவது சுருளை, இயக்கப் புறணிமேல் வைத்து, வலது கைக் கட்டைவிரல் துடிக்கிற மிகக் குறைந்த வலு எது என்று தேடுவோம். மோட்டார் த்ரெஷோல்ட் என்போம். பத்துத் துடிப்புக்கு ஐந்து முறையாவது விரல் அசைய வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் சிகிச்சை வலு. பொதுவாக அதன் 120 சதவீதம்.

கை முழுக்கத் தளர்ந்திருந்தால்தான் அந்த அளவு சரியாக வரும். முதல் நாள் வருகிறவர்கள் பயத்தில் இருப்பார்கள். "கையைத் தளரவிடுங்கள்" என்றால் "தளரவிட்டிருக்கிறேன்" என்பார்கள். நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் விரல் நகம் வெளுத்திருக்கும். தசை சற்று இறுகியிருந்தாலே குறைந்த வலுவில் விரல் துடித்துவிடும். அந்த அளவை எழுதிக்கொண்டால் ஆறு வாரமும் வலு குறைவாகப் போகும். பயத்தால் வந்த வித்தியாசம், கோப்பில் வெறும் எண்ணாகப் பதிந்துவிடும்.

நான் செய்வது இதுதான். மடியில் ஒரு தலையணை வைத்து உள்ளங்கையை மேல்நோக்கி வைக்கச் சொல்வேன். மணிக்கட்டை என் கையில் எடுத்து இரண்டு முறை ஆட்டுவேன், கனமாக விழுகிறதா என்று பார்ப்பேன். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுவேன். பிறகு பேச்சை நிறுத்திவிடுவேன், ஏனென்றால் பேசிக்கொண்டிருந்தாலும் கையின் அளவு மாறும். அதற்கப்புறம்தான் துடிப்பு.

மல்லிகா அம்மா, உங்கள் கணவருக்கு அளவு பார்த்த நாள் அவர் எப்படி இருந்தார் என்று நினைவிருக்கிறதா? மிகவும் பதறியிருந்தார் என்றால், மருத்துவரிடம் சொல்லி அளவை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லலாம். நியாயமான கோரிக்கைதான், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

சேலத்து மல்லிகா

கதிர் தம்பி, அன்றைக்கு அவர் சட்டையே நனைந்துவிட்டது. நாளையே கேட்கிறேன்.

இன்னொன்று. இரவில் தூக்கம் வராததற்குக் குளோனசெபம் சாப்பிடுகிறார். சண்டை நடந்த நாளில் மருத்துவர் அனுமதித்த கூடுதல் மாத்திரை ஒன்றும் உண்டு. அது பாதிக்குமா?

வெண்ணிலா

அந்த வகை மாத்திரைகள் எடுத்துக்கொண்டவர்களுக்குக் காந்தத் தூண்டலின் பலன் சராசரியாகக் குறைவாக இருந்தது என்று 2019-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதிகம் பதறுகிறவர்கள்தான் அந்த மாத்திரை எடுப்பார்கள். ஆகவே மாத்திரை காரணமா, பதற்றம் காரணமா என்ற கேள்வி எழும். இதை நானே கேட்டுவிட்டேன், ஐயாவுக்கு வேலை மிச்சம்.

நெறியாளர்

ஒரு குறுக்கீடு. தூக்க மாத்திரையையோ பதற்ற மாத்திரையையோ திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வலிப்பு வரலாம், அதுவும் காந்தத் தூண்டல் நடக்கும் நாட்களில். இங்கே படித்ததை வைத்து யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மருத்துவரிடம் கேளுங்கள். இரவு முழுக்கத் தூங்காமல் போனாலும் அமர்வுக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். சிகிச்சைக் கட்டணம் பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

டொராண்டோ குமரன்

அப்படியானால் மனச்சோர்வுக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து இனிமையானதை நினைத்தால் கூடுதல் பலன் உண்டா? எனக்கு அப்போதே யாராவது சொல்லியிருந்தால் இளையராஜா பாடல்களாகக் கேட்டுக்கொண்டு போயிருப்பேனே.

வெண்ணிலா

அந்த 2011 ஆய்வு நல்ல நினைவுக்குத் தனிப் பரிசு எதுவும் தரவில்லை. கெட்டதைக் கிளறினால் நட்டம் என்றுதான் காட்டியது. மேலும் "சந்தோஷமாக இரு" என்று மனச்சோர்வில் இருப்பவரிடம் சொல்வது அவரைத் தோற்கடிக்கவே சொல்வது. முயன்று முடியாமல் போய் இன்னும் வாடுவார்.

மகிழ்ச்சி, சோகம் என்ற இரட்டைத் தட்டில் மூளையைப் போட்டுப் பார்ப்பதே பலமுறை ஏமாற்றியிருக்கிறது. 1996 வாக்கில் நலமானவர்களின் இடது நெற்றியைத் தூண்டினால் சற்றுச் சோகமாகிறார்கள், வலதைத் தூண்டினால் சற்று மகிழ்கிறார்கள் என்று ஆய்வுகள் வந்தன. மனச்சோர்வுக்காரர்களுக்கு இடதுபக்கத் தூண்டல் நல்லது செய்கிறது, நலமானவர்களுக்கோ நேரெதிர்! பிறகு திரும்பச் செய்தவர்கள் பலருக்கு அந்த மாற்றம் கிடைக்கவேயில்லை. ஒரே அமர்வில் நலமானவரின் மனநிலையைத் திருப்பிவிட முடியாது என்பதுதான் இப்போதைய பொதுக்கருத்து.

பெல்ஜியத்தில் பேகன் குழு 2011-இல் கேட்ட கேள்வி எனக்கு இதைவிடப் பிடிக்கும். மனநிலை மாறுகிறதா என்று கேட்கவில்லை. தூண்டலுக்கு முன் ஒருவர் அந்த நேரத்தில் எவ்வளவு பதறியிருந்தார் என்று அளந்து வைத்துக்கொண்டு, வலது நெற்றியைத் தூண்டிவிட்டு, உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் எப்படி நடக்கிறது என்று பார்த்தார்கள். அவரவர் பதற்றத்தைக் கணக்கில் சேர்த்தபோதுதான் தூண்டலின் தடம் தெரிந்தது. சேர்க்காமல் சராசரி எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். ஐயா, இது உங்கள் சொந்த ஊர். சராசரிக்குள் எத்தனை பேர் மறைந்துபோகிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளை

தெரியும். அதே அறையில் இன்னொரு பேயும் குடியிருக்கிறது. சராசரியில் ஒன்றும் கிடைக்காதபோது, எந்தக் குணத்தைச் சேர்த்தால் கிடைக்கும் என்று தேடிக்கொண்டே போனால் ஏதாவது ஒன்றில் கிடைத்துத் தொலைக்கும். முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் தேடியதா, பார்த்துவிட்டுத் தேடியதா என்று கேட்காமல் நான் நம்பமாட்டேன்.

எனக்கு வேண்டிய சோதனை எளியது. மனச்சோர்வுள்ள சில நூறு பேர். நான்கு பிரிவு. உண்மைச் சுருள், போலிச் சுருள். ஒவ்வொன்றிலும் பாதிப் பேர் அமர்வுக்கு முன் பத்து நிமிடம் அமைதியான அறையில், மீதிப் பேர் இப்போது நடப்பது போலவே தொலைக்காட்சி அலறும் கூடத்தில். யாரையும் வேண்டுமென்று அழவைக்க வேண்டாம். நடப்பு நடைமுறையோடு ஒப்பிட்டால் போதும். ஆறு வாரம் கழித்து யார் நலம் என்று எண்ணுங்கள். இது நடந்தால் நான் தொப்பியைக் கழற்றுகிறேன்.

வெண்ணிலா

இந்த வடிவமைப்பை நான் திருடிக்கொள்ளலாமா ஐயா?

கேலியில்லாமல் ஒன்று. இயக்கப் புறணியில் இதன் சிறிய வடிவத்தைச் செய்துவிட்டார்கள். ஜெர்மனியின் டூபிங்கனில் ஸ்ரென்னர் குழு, 2018. மூளை மின்னலையை அந்தக் கணமே படித்து, அலை பள்ளத்தில் இருக்கும்போது மட்டும் துடிப்பு கொடுத்தார்கள். கிளர்ச்சி கூடி நின்றது. அலையின் மேட்டில் கொடுத்தாலோ கண்டபடி கொடுத்தாலோ அப்படி நிற்கவில்லை. உணர்ச்சிக்கு இதைச் செய்வதில்தான் தடை. அந்த அலை விநாடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும், கருவி அதைப் பிடித்துவிடும். உங்கள் கணவரின் கோபம் அரைமணி நேரம் நீள்வது, அதற்கு அப்படிச் சுத்தமான அடையாள அலை கிடையாது. இப்போதைக்குக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அமுதினியிடம் கேட்டது போல, "இப்போது எவ்வளவு?" என்று.

மல்லிகா அம்மாவுக்கு என் பதில்: கலங்கிய நாளில் அமர்வைத் தவறவிட வேண்டாம், இடைவெளி விழுவதும் நல்லதல்ல. ஆனால் கலக்கத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். நேரம் கேட்டு வாங்கி வெளியே அமைதியாக உட்காருங்கள். "இன்று மனம் இப்படி" என்று ஒரு வரி, ஒவ்வொரு அமர்வுக்கும் முன் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

கதிர்

எங்கள் இடத்தில் வலி எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கிறது, தூக்கம் எத்தனை மணி என்று ஒரு கட்டம் இருக்கிறது. மனநிலைக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பிக்கிறேன்.

தென்றல்_நெல்லை

இழையை இப்போதுதான் பார்த்தேன். என் மகளுக்கு ஓசிடி, அமுதினி சொன்ன அதே ஆழத் தூண்டல் அடுத்த வாரம் தொடங்குகிறது. பயண தூரம் அதிகம். காரிலேயே அவளைக் கொஞ்சம் பதறவைத்துக் கூட்டிப்போனால் அங்கே நேரம் மிச்சமாகுமே? அடுப்பை அணைத்தாயா என்று கேட்டாலே போதும், துடித்துவிடுவாள்.

அமுதினி

அக்கா, வேண்டவே வேண்டாம். எனக்குக் கிளறியவர்கள் எண் கேட்டுக்கேட்டு அளந்து கிளறினார்கள். அதிகமானால் நிறுத்தத் தெரிந்தவர்கள். நான் சம்மதித்துக் கொடுத்த பட்டியலிலிருந்துதான் எடுத்தார்கள். காரில் அம்மா கேட்டால் அது சிகிச்சை ஆகாது. "அணைத்துவிட்டாய், நான் பார்த்தேன்" என்று நீங்கள் ஒருமுறை ஆறுதல் சொல்லிவிட்டால் அந்தச் சுழல் இன்னும் இறுகும், சொல்லாமல் இருக்க உங்களால் முடியாது. வழியில் அவளுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போங்கள். பதறவைக்கிற வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அதில் அவர்கள் மிகத் தேர்ந்தவர்கள்.